அங்க பார், கோழி

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் மருத்துவிச்சிப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தொண்ணூறில் குடும்பநல உத்தியோகத்தராக வேலைக்கு வந்து, போன வருடம் ஓய்வு பெறும்வரை வன்னியை விட்டு நான் எங்கும் போகவில்லை. அதனால் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லி இரண்டு மாதமாகிறது. பிரசர் பார்ப்பது, நிறை பார்ப்பது, பதிவேடு நிரப்புவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தந்திருப்பார்கள். அவசர நேரத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதத் தொடங்கிய கிழமையில் மருமகன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு என்னுடைய எந்த முடிவு சரி, எது பிழை என்று எனக்கே பிடிபடவில்லை. ஆகவே இதில் ஒழுங்கான அறிவுரை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மகளுக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். மருமகனுக்குத் திருகோணமலையில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளிநொச்சிக்கு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். மகள் பஸ் நிலையம்வரை போய் ஏற்றிவிடுவாள்.

"மாமி, ஒண்டு கேட்டால் குறை நினைக்க மாட்டியளோ?" என்றார்.

"கேளுங்கோ தம்பி."

"நான் பஸ் ஏறினால் அவ ஒருநாளும் என்னைப் பார்க்கிறேல்லை. பஸ் வெளிக்கிடேக்க திரும்பி நிண்டு கடைக்காரனிட்ட மாம்பழம் என்ன விலை எண்டு கேக்கிறா. வாங்கிறதும் இல்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறன், பக்கத்தில இருக்கிற ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்குது. போய்ச் சேர்ந்து போன் எடுத்தால், 'சாப்பாடு முடிஞ்சுதோ, சரி வைக்கிறன்' எண்டுறா. அவவுக்கு என்னில விருப்பம் இல்லையோ மாமி? இல்லாட்டிச் சொல்லுங்கோ. நான் விளங்கிக்கொள்ளுவன்."

"அவளுக்குச் சின்னனில இருந்தே மாம்பழம் எண்டால் பைத்தியம் தம்பி" என்று சொல்லிச் சிரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நான் அந்த மனிதருக்குப் பராக்குக் காட்டியிருக்கிறேன்.

அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் என்னைப் பழக்கிய மூத்த மிஸி ஒருவர் இருந்தார். எங்களைச் சனம் மிஸி என்றுதான் கூப்பிடும், உங்களையும் அப்படித்தான் கூப்பிடப் போகிறது. பிரசவத்துக்குத் தாயை ஏற்றும்போது மூத்த பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தும். அவர் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து வேலிப்பக்கம் போய், "அங்க பார், கோழி. எத்தினை குஞ்சு, எண்ணு பாப்பம்" என்பார். பிள்ளை எண்ணும். மூன்றாவது குஞ்சுக்கு வரும்போது வண்டில் வளைவில் திரும்பியிருக்கும்.

"அழுகிற பிள்ளைக்கு விளக்கம் சொல்லாதை" என்று எனக்குச் சொல்லித் தந்தார். "பராக்குக் காட்டு. அஞ்சு நிமிசத்தில மறந்திடும்."

அவர் கெட்டிக்காரி. அவர் சொல்லித் தந்ததில் மிச்சமெல்லாம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டு, கிளினிக்குக்கு வந்த தாய்மாருக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டிலும் செய்தேன்.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஜெயபுரத்துப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்த காலம். மகளுக்கு நாலு வயது. அவளுடைய அப்பா வேலை நிமித்தம் வவுனியாவில் அகப்பட்டுவிட்டார். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. நான் சைக்கிளை எடுத்தால் மகள் பெடலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டாள். பக்கத்துக் கொட்டில் அக்கா நாலு கோழி வளர்த்தார். காலையில் அவர் மகளைக் கூட்டடிக்குக் கூட்டிப்போய், "அங்க பார், கோழி" என்பார். நான் பின்பக்கத்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், மணி கிலுங்காமல் கையால் பொத்திப் பிடித்து, ஒழுங்கை தாண்டித்தான் ஏறுவேன்.

அந்த நாட்களில்தான் வசந்தியைச் சந்தித்தேன்.

வசந்தி செட்டிகுளத்துப் பெண். இருபத்திரண்டு வயது, வயிற்றில் முதல் பிள்ளை. புருசன் முத்துவேல் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுவயதில் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து வளர்ந்தவர். கூலிக்கு வயல் வேலை செய்தார். முதல் நாள் வீட்டுக்குப் போனபோது வசந்தி வேறு எந்த வருத்தமும் சொல்லவில்லை. ஒரேயொரு முறைப்பாடு.

"மிஸி, என்ர மனுசன் சொல்லிப்போட்டுப் போறேல்லை."

"எங்க போறதுக்கு?"

"எங்கயும்தான். காலமை எழும்பிப் பார்த்தால் தண்ணி அள்ளி வைச்சிருக்கு, விறகு கொத்திக் கிடக்கு, ஆள் இல்லை. பேய் வந்து வேலை செய்துபோட்டுப் போறமாதிரி."

"அப்பிடி ஒரு பேய் எனக்கும் கிடைச்சால் நல்லம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள், கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள். ஐந்து வயதில் சின்னம்மா அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்த் தோடம்பழ இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்று தின்று முடிய இன்னொன்று. பிறகு இன்னுமொன்று. திரும்பி வந்தபோது தாய் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். உடுத்துக் களைந்த சேலை மட்டும் கொடியில் கிடந்திருக்கிறது. "நான் அழேல்லையாம் மிஸி. வாய் முழுக்க இனிப்பெண்டு சின்னம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பா" என்றாள்.

இது எனக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் மாதம். ஒரு காலை நான் போனபோது வசந்தி வாசற்படியில் இருந்தாள். முகம் ஊதியிருந்தது. தலையிடி, கண்ணுக்கு முன்னால் மின்னுகிறது என்றாள். பிரசரைப் பார்த்துவிட்டு எனக்கு வியர்த்தது. ஆஸ்பத்திரிக்குப் பத்து மைலுக்கு மேல், பாதி வழி குண்டும் குழியும். லான்ட்மாஸ்டர் வைத்திருந்த ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு மெசின், பின்னால் ஒரு பெட்டி. டீசல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடியது.

"மிஸி, இதை நிப்பாட்டினால் பிறகு கிளப்பேலாது" என்று அவர் மெசினை இரைய விட்டுக்கொண்டே கத்தினார். "இருக்கிற எண்ணெய் போகத்தான் காணும். இஞ்ச நிண்டு குடிச்சு முடிச்சிடும்."

வசந்தி எழும்பவில்லை.

"அவர் வரட்டும்."

"எங்க போனவர்?"

"ஆருக்குத் தெரியும். விடியமுன்னம் போட்டார்."

"பக்கத்து வீட்டில சொல்லிவிடுவம். நீ ஏறு பிள்ளை."

"அவர் வந்து பார்க்கேக்க நான் இல்லாட்டி?"

எனக்குக் கோபம் வந்தது. "சொல்லாமல் போற மனுசனுக்கு நீ எதுக்குச் சொல்லோணும்?"

அவள் வீங்கிய முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அவர் செய்யிறதையே நானும் செய்யோணும் எண்டுறியளோ?"

அவளைத் தூக்கிப் போட எனக்குப் பலமில்லை. லான்ட்மாஸ்டர்காரர் எண்ணெய்த் தாங்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இன்னும் கால் மணித்தியாலம் நின்றால் போகவே முடியாது. நான் படலைப் பக்கம் போய் ஒழுங்கையில் யாருடனோ கதைப்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"முத்துவேல் சந்தியில நிக்கிறாராம். இப்ப ஒராள் சொல்லிக்கொண்டு போகுது. அங்க ஏறுவாராம்."

"உண்மையாவோ மிஸி?"

"உண்மையா."

உடனே எழும்பினாள். தலைமுடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள். லான்ட்மாஸ்டர்காரர் ஒழுங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒழுங்கையில் யாருமே வந்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சந்தியில் யாரும் இல்லை. கட்டி விட்ட மாடொன்று மட்டும் நின்றது. மெசின் நிற்காமல் போனது. வசந்தி பெட்டியில் சாய்ந்தபடி பின்னால் போகும் சந்தியைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தோடம்பழ இனிப்புக் கொண்டு வந்தனீங்களோ மிஸி?"

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிவரை அவள் என்னுடன் ஒரு சொல்லும் பேசவில்லை. வழியில் வலிப்பு வந்தது. என் மடியில்தான் அவளுடைய தலை இருந்தது. நினைவு திரும்பியதும் தலையை எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின. "இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் ரெண்டும் இல்லை. சரியான முடிவு எடுத்திருக்கிறீங்கள் மிஸி" என்று டொக்டர் சொன்னார். அவர் பொய்யைப் பற்றி அறியமாட்டார்.

பக்கத்து வீட்டில் கேட்டு அறிந்து, பின்னேரம் முத்துவேல் வந்தார். சைக்கிளில், பின் கரியரில் ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் கால் வீக்கத்தைப் பார்த்துப் பயந்து, மறுநாள் வண்டிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்திருக்கிறார். கிடங்கும் குழியுமான வழியில் அவளுக்கு இடுப்பு நோகும் என்று அந்த மெத்தைக்காக விடியமுன் வெளிக்கிட்டு ஊர் ஊராய்க் கேட்டுத் திரிந்திருக்கிறார். நானும் அவரும் ஒரே காரியத்துக்காகத்தான் ஓடியிருக்கிறோம்.

பயத்தில் வந்த கோபத்தை அவர்மேல் கொட்டினேன். "சொல்லிப்போட்டுப் போனால் உமக்கு என்ன குறைஞ்சிடும்? வாயில முத்தோ வைச்சிருக்கிறீர்?"

அவர் மெத்தையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லிட்டுப் போனா திரும்பி வரமாட்டாங்க மிஸி."

"ஆர் சொன்னது?"

"எங்கப்பா என்னையும் அம்மாவையும் லாரில ஏத்திவிட்டாரு. எனக்கு ஏழு வயசு. 'நீ போ, இந்தா நான் பின்னாலயே அடுத்த லாரில வந்திர்றேன்'னாரு. வவுனியா வரைக்கும் பின்னால வந்த லாரியெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தேன்." மெத்தையைத் தட்டித் தூசி போக்கினார். "அதான் அந்தச் சொல்லு என் வாயில வராதுங்க. அதுக்குப் பதிலா என் கைமணிக்கூட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தானே போறேன். ஒரு மனுசன் மணிக்கூட்டை விட்டுட்டுப் போனா வருவான்னுதானே அர்த்தம்."

அந்த ஆணியை நான் பார்த்திருக்கிறேன். அன்று காலையும் வசந்தியின் கிளினிக் அட்டையைத் தேடி உள்ளே போனபோது அதில் மணிக்கூடு தொங்கியது. வேலையில் உடையாமல் இருக்கக் கழற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்ட சந்தோசம். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று ஓடிப்போய் வசந்தியிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அது எனக்குத் தெரியும் மிஸி" என்றாள். "லொறிக் கதையும் தெரியும். கலியாணம் முடிச்ச மற்ற நாளே சொல்லிப்போட்டார். எனக்கு மணிக்கூடு காணாது. வாய்ச்சொல்லும் வேணும்."

இந்த இடத்தில்தான் நான் இன்றுவரை நிற்கிறேன். காரணம் தெரிந்தால் காயம் ஆறிவிடும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கலாம். எனக்கும் சொன்னார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவருக்கும் அவளுடைய இனிப்புக் கதை தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அவர் சொல்லாமல் போனார், தெரிந்துகொண்டே அவள் நொந்தாள். அந்த இனிப்புக் கதை தெரிந்த நானும் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதோ? பொய்யில்லாவிட்டால் அவள் ஏறியிருக்கமாட்டாள், அந்தக் குழந்தை இன்று இல்லை. திரும்ப அதே வாசலில் நின்றால் திரும்பவும் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு துண்டுத் தாளில் "ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்று அவளையே எழுதவைத்து, மணிக்கூடு தொங்கிய ஆணியில் குத்தியிருந்தால் ஏறியிருப்பாளோ? இரண்டு நிமிடம்கூட எடுத்திருக்காது. அது அன்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பழகிய வழி பராக்குத்தான். அவசரத்தில் மனிதருக்குப் பழகியதுதான் கைக்கு வருகிறது. அதனால் எதைப் பழகுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

வசந்தி மூன்று மாதம் தன்னைத் தொட என்னை விடவில்லை. குழந்தையை நிறுக்க விடுவாள், தான் தள்ளி நிற்பாள். நாலாம் மாதம் போனபோது கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னாள். அன்று முத்துவேல் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் மண்வெட்டி. அப்படியே நின்றார்.

"சரி, போங்கோ" என்றாள் வசந்தி. அவர் போனார்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"வாயால சொல்ல ஏலாட்டி முன்னால வந்து நிண்டிட்டுப் போங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறார். பள்ளிக்கூடத்தில ஒண்டுக்குப் போகக் கேட்டு நிக்கிற பெடியன்மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான். பிறகு மீண்டும் இடம்பெயர்வு. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வரவேண்டும். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

வசந்தியை ஏற்றிய அன்று காலையும் மகளுக்குக் கோழி காட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். மத்தியானம் திரும்பிவிடலாம் என்று நினைத்தது. திரும்பியது அடுத்த நாள் மத்தியானம். பக்கத்துக் கொட்டில் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். "உம்மட மகள் கோழிக் கூட்டை விட்டு அசையேல்லை. சோறும் அங்கதான். கூப்பிடக் கூப்பிட வரேல்லை. கோழியில அவ்வளவு ஆசை பிள்ளைக்கு."

நான் கூட்டடிக்குப் போனேன். ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் சேலையில் வசந்தியின் வாந்தி காய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. நான் அழப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. விரலை நீட்டிக் கூட்டைக் காட்டினாள்.

"அம்மா, அங்க பாருங்கோ, கோழி."

எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று தூக்கிக் கொஞ்சினேன். அன்றிலிருந்து அவள் பெடலைப் பிடிக்கவில்லை. நான் வெளிக்கிட்டால் தானாகவே கோழிக்கூட்டடிக்குப் போய்விடுவாள். பிள்ளை பழகிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். உங்களைப்போல் பயிற்சிக்கு வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

மாம்பழக் கடையைப் பற்றி மருமகன் சொன்னபோது எனக்கு அந்தக் கூடுதான் தெரிந்தது. அதுதான் காரணமா என்று கேட்டால் தெரியாது. அந்த வயதில் அவள் கண்டவை எத்தனையோ. அப்பாவை இரண்டு வருடம் காணவில்லை. பங்கருக்குள் இருந்திருக்கிறாள். கோழி காட்டி வளர்ந்த ஆயிரம் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முத்துவேலும் வசந்தியும் விட்டுப்போன ஆட்களின் பிள்ளைகள்தான். ஒருவர் சொல்லப் பயந்தார், மற்றவர் சொல்லாமல் விடப் பயந்தார். ஒரே காய்ச்சல் ஒருவருக்கு நடுக்கமும் இன்னொருவருக்கு வியர்வையும் தருவதைப்போல. என் மகளுக்கு என்ன தந்ததென்று நான் எந்த அட்டையில் பார்ப்பேன்?

மருமகனுக்கு இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தேன். "தம்பி, அவளுக்கு உங்களில விருப்பம் இல்லாமல் இல்லை. விருப்பமில்லாத ஆள் போறதைப் பார்க்கிறதில அவளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. கோழிக் கதை ஒண்டு இருக்கு, கேளுங்கோ" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"விளங்குது மாமி" என்றார். பிறகு, "ஆனாலும் ஒருக்காத் திரும்பிப் பார்த்தால் நல்லம்" என்றார்.

மணிக்கூடு காணாது.

போன கிழமை மகள் வீட்டில் மூன்று நாள் நின்றேன். புறப்படும் அன்று காலை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் குழாயடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடியே, "வெயில் ஏறமுன்னம் போங்கோ அம்மா" என்றாள். வழக்கம்தான். எத்தனையோ தரம் அந்த முதுகுக்கு "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பையை நிலத்தில் வைத்தேன்.

"குஞ்சு, இஞ்ச திரும்பு. நான் போயிட்டு வாறன்."

"ஓம் அம்மா. கேட்டது."

"திரும்பு எண்டு சொன்னனான்."

"பஸ் போகப்போகுது."

"போகட்டும்."

சட்டி அலம்பும் சத்தம் நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் நின்றதுபோல் எனக்கு இருந்தது, ஒரு நிமிடம்தான் இருக்கும். அவள் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். முப்பது வயது தாண்டிய முகத்தில் கண் மட்டும் அந்த நாலு வயதுக் கண். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

இதற்காகத்தானே நின்றேன். ஆனால் என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வேலிப் பக்கம் பார்த்தேன். அங்கே பக்கத்து வீட்டுக் கோழியொன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். "அங்க இல்லை. இஞ்ச பாருங்கோ."